தேதி போட்ட காகிதம்

கடையில் தரும் வழவழப்பான பில் தாளில் எழுத்து வெப்பத்தால் வருகிறது. பீரோவுக்குள் பத்திரமாக வைத்தாலும் ஒன்றரை வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சியிருக்கும். புகாரில் நியாயம் இருக்கும், உத்தரவாதக் காலமும் பாக்கி இருக்கும், ஆதாரம் மட்டும் ஆவியாகிப் போயிருக்கும். அதனால் விலை கூடிய பொருள் எது வாங்கினாலும் அன்றைக்கே பில்லை ஜெராக்ஸ் எடுங்கள். மூலத்தோடு நகலைச் சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து, பொருளின் பெயரையும் தேதியையும் கோப்புப் பெயராகக் கொடுத்துவிடுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லா வேலைக்கும் இதுதான் அஸ்திவாரம்.

நியாயமாகப் பொருள் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் 'எதை வாங்கக் கூடாது' என்ற பட்டியலில் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் ஒரு சோப்பை விட்டு இன்னொன்றுக்கு மாறியது அந்த நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் ஏன் மாறினீர்கள் என்று தெரியாது. ஓட்டு விஷயமும் அப்படித்தான். எதற்காகத் தோற்கடித்தோம் என்று வாக்குச்சீட்டில் எழுத இடமில்லை. காரணத்தை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குகிற வழிகள் தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த விஷயத்தில் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் யார், அவருக்கு எத்தனை நாள் கெடு?

பொட்டலத்தின் பின்பக்கம்

கடைப் பொருளில் அந்த ஆளின் விலாசம் பொட்டலத்திலேயே அச்சாகியிருக்கிறது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இன்படி தயாரித்தவர் அல்லது அடைத்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதம்-வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அதுவே தனிக் குற்றம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையருக்கு (அமலாக்கம்) எழுத வேண்டும். எடைக் குறைவுப் புகாரைப் பலர் காவல் நிலையத்துக்கும் நகராட்சிக்கும் கொண்டுபோய் அலைக்கழிகிறார்கள். அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

விலைக்கு அருகில் சின்ன எழுத்தில் 'ஒரு கிராமுக்கு இவ்வளவு' என்று இருக்கும் வரியைப் பாருங்கள். பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் போன்றவற்றை இன்ன எடைகளில்தான் அடைக்கலாம் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத்தான் இந்த அலகு விலையைக் கட்டாயமாக்கினார்கள். 100 கிராம் இருந்த பொட்டலம் அதே விலையில் 82 கிராம் ஆனால், விலை சுமார் 22 சதவீதம் ஏறியதாகக் கணக்கு. முன்பக்கப் படம் மாறாது, ஆகவே கண்ணுக்குத் தெரியாது. அலகு விலை மாறிவிடும்.

ஒரே பொருளுக்கு ஒரே அளவில் இடத்துக்கு ஓர் எம்ஆர்பி அச்சிடுவதற்கு 2018 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் உணவகத்தில் மேசையில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினார்கள் என்று புகார் கொடுத்தால் நிற்காது. அங்கே விற்பது வெறும் பாட்டிலை அல்ல, சேவையையும் சேர்த்துத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அதே பாட்டிலைப் பேருந்து நிலையக் கடையில் கூடுதல் விலைக்கு விற்றால் புகார் நிற்கும்.

வீட்டு எரிவாயு சிலிண்டரில் இருக்க வேண்டியது 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை கைப்பிடி அருகே பொறித்திருக்கும். கொண்டு வருபவரிடம் தராசு இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டிச் சரிபார்த்து வாங்குங்கள். 150 கிராம் வரை வித்தியாசத்தை விதி பொறுத்துக்கொள்கிறது. பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை வைத்திருப்பது அவர்கள் கடமை. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. கேட்டால் சண்டை போடுவார்களோ என்று தயங்க வேண்டாம், சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

உணவுப் பொருளில் கூடுதலாக ஒரு 14 இலக்க எண் இருக்கும். அது உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் உரிமம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அந்த எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் இட்டால் யார் பெயரில், எந்த முகவரியில், எதற்காக வாங்கிய உரிமம் என்று வரும். மாவு அரைக்க உரிமம் வாங்கிய இடத்தில் ஊறுகாய் அடைக்கிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் வெளியே வரும். 2022 ஜனவரி 1 முதல் உணவகப் பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும்.

பெயரில் நடக்கும் ஏமாற்று எடையில் நடப்பதைவிடக் கொடியது. ஓஆர்எஸ் என்பது வயிற்றுப்போக்கில் நீரிழக்கும் குழந்தைக்கான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5, சாதாரண உப்பு 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. அந்த மூன்றெழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு சர்க்கரை மிகுந்த பழச்சாறுகள் மருந்துக் கடை அலமாரியில் வருடக்கணக்காக நின்றன. சர்க்கரை கூடினால் குடல் இன்னும் நீரை வெளியே இழுக்கும், வயிற்றுப்போக்கு அதிகமாகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை விடாமல் எழுதினார், ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனார், தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கும் போனார். இடையில், எச்சரிக்கை வாசகம் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆணையமே அனுமதித்த காலமும் இருந்தது. 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெற்றது. அந்தப் பானத்தை வாங்காதீர்கள் என்று தாய்மார்களிடம் சொல்வதோடு அவர் நின்றிருந்தால் பெயர் இன்றைக்கும் அட்டையில் இருந்திருக்கும். இப்போதும் மருந்துக் கடையில் வாங்கும்போது அட்டையில் 'உலக சுகாதார நிறுவனச் சூத்திரம்' என்றும் மேலே சொன்ன நான்கு பொருட்களும் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள்.

புகார் எங்கே சாகிறது

நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, இடம், பில் எண், தொகை, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும். 15 நாள் கொடுப்பது வழக்கம். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். வழக்கானால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தின் உறுப்பினர் அதை வாசிப்பார். 'மேலாளர் அவர்களுக்கு' என்று கிளைக்கு அனுப்பும் கடிதம் காணாமல் போகும். நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரை இட்டால் அது கிடைக்கும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபாலில், சேர்த்ததற்கான சான்றும் கேட்டு அனுப்பி, ரசீதைக் கடித நகலில் ஒட்டி வையுங்கள். இணைய வணிகத் தளம் என்றால் குறைதீர் அலுவலரின் பெயரைத் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி.

அடுத்த படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பல பெரிய நிறுவனங்கள் இதில் இணைந்திருப்பதால் பணம் திரும்புவது, பொருளை மாற்றுவது போன்றவை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இது சமரச ஏற்பாடு. உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இங்கேதான் ஒரு பெரிய குழி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் காலவரம்பு. 1915-இல் பேசிக்கொண்டிருந்தாலும், நிறுவனத்தின் 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். இது மிகப் பெரிய மாற்றம். தென்காசியில் இருப்பவர் மும்பைக் கம்பெனிக்காக மும்பை போக வேண்டியதில்லை, கம்பெனியின் வக்கீல்தான் தென்காசி வர வேண்டும். இணையத்தில் போட இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. உங்களுக்கு வக்கீல் கட்டாயமில்லை.

மனுவில் பெரும்பாலும் நடக்கும் தவறுகள் மூன்று.

எதிர்தரப்பினரில் ஒருவரை விட்டுவிடுவது முதலாவது. விற்ற கடை, தயாரித்த நிறுவனம், இணையத் தளம், பழுது பார்த்த சேவை மையம் எல்லோரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்ற மூவரும் இல்லாதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது, பொருளைத் திறந்துவிடுவது. பாட்டிலுக்குள் ஏதோ மிதப்பது மூடியைத் திறக்கும் முன் தெரிந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். திறந்த பாட்டிலில் அது வெளியிலிருந்து விழவில்லை என்று நிரூபிக்க முடியாமல் போய்விடும். மூடிய நிலையில் தொகுதி எண் தெரியப் படமெடுத்து, அதே தொகுதியில் இன்னொன்றையும் பில்லோடு வாங்கி வையுங்கள். ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். போனில் எடுத்த படங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பாரதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழை இணைப்பது நல்லது.

மூன்றாவது தவறு, வெறும் பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றுவிடுவது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்த 2019 சட்டத்தின் பிரிவு 39-இன்படி ஆணையம் அந்த முறைகேடான வணிக நடைமுறையையே நிறுத்தச் சொல்லலாம், தவறான விளம்பரத்துக்குத் திருத்த விளம்பரம் போடச் சொல்லலாம். அடையாளம் காண முடியாத ஏராளமான நுகர்வோருக்கு நஷ்டம் என்று கண்டால், விற்ற குறைபாடுள்ள பொருட்களின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டச் சொல்லவும் வழியுண்டு. மனுவில் கேட்காததை ஆணையம் தானாகத் தருவது அரிது. உங்கள் 400 ரூபாய் திரும்ப வருவதால் கம்பெனிக்கு எதுவும் ஆகாது. நடைமுறையை நிறுத்து என்ற உத்தரவுதான் வலிக்கும். அதையும் பரிகாரப் பகுதியில் ஒரு வரியாகச் சேருங்கள். ஒரே பாதிப்பு பலருக்கு என்றால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் ஒரே மனுவாகப் போடலாம்.

எதிர்தரப்பு 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதிகபட்சம் இன்னும் 15 நாள். 45 நாளைத் தாண்டினால் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதி செய்திருக்கிறது. 46-ஆவது நாள் பதிலோடு வந்தால் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் கவனிக்காமலே போகலாம். மூன்று மாதத்தில், ஆய்வு தேவையென்றால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வருடங்கள் இழுக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டே இறங்குங்கள். ஜெயித்த பிறகும் சிலர் பணம் தர மாட்டார்கள். அப்போது நிறைவேற்றல் மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்பு நகலுக்கு ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு இந்த மனுவைப் போடாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

கம்பெனியைக் கேட்க முடியாதபோது

பொருள் நன்றாக இருக்கிறது, எடை சரி, விலை சரி. ஆனால் அது தயாராகும் இடத்தில் ஆறு கறுப்பாக ஓடுகிறது என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. தனியார் கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்கவும் முடியாது. பலர் இங்கே கைவிட்டுவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்) வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: எந்தச் சட்டத்தின் கீழாவது ஓர் அரசு அமைப்பு ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து பெறக்கூடிய தகவல் எதுவோ, அதை அந்த அரசு அமைப்பிடம் நாம் கேட்கலாம். சாயப்பட்டறையைக் கேட்க முடியாது. அதற்கு இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) கொடுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்கலாம்.

திருப்பூர் நொய்யல் கதை இதற்குச் சரியான பாடம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் உத்தரவு வந்தது, கெடு வந்தது, கெடு தாண்டியது. 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. பனியன் வாங்குபவர்கள் யாரும் புறக்கணித்து இது நடக்கவில்லை. விடாமல் காகிதம் கொடுத்த விவசாயிகளால் நடந்தது.

விண்ணப்பம் இப்படி இருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு:

"இன்ன முகவரியில் இயங்கும் இன்ன ஆலை தொடர்பாக: (1) நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் வழங்கிய நடப்பு இசைவாணைகளின் நகல், நிபந்தனைகள் உட்பட. (2) கடந்த 24 மாதங்களில் வாரியம் எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள். (3) அதே காலத்தில் ஆலைக்கு அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்புகள், ஆலை தந்த பதில்கள், மேல் நடவடிக்கை உத்தரவுகளின் நகல்கள். (4) மேற்படி கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதி."

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுங்கள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அந்தக் கேள்வியையே தடுக்கிறது. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'ஏன்' என்பது தகவல் அல்ல, கருத்து என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதில் சட்டம் அவர்கள் பக்கம். அதையே 'நடவடிக்கைக் குறிப்பின் நகல்' என்று கேட்டால், நடவடிக்கை எடுத்திருந்தால் நகல் வரும். எடுக்காவிட்டால் 'அப்படி ஆவணம் இல்லை' என்று எழுத்தில் வரும். இரண்டாவது பதில்தான் பெரும்பாலும் பலமான ஆயுதம்.

வந்த ஆய்வறிக்கையை இசைவாணையின் வரம்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. மாதிரி எடுத்த தேதிகளையும் பாருங்கள். எல்லா மாதிரியும் கோடையில் ஆலை நின்றிருந்த மாதத்திலேயே எடுத்திருந்தால் அதுவே ஒரு கேள்வி.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டிய பிறகு தரும் நகலுக்குக் காசு கேட்கக் கூடாது. பிரிவு 7(6)-ஐ எழுதி இலவசமாகக் கேளுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அந்த அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும். முதல் மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை நினைவூட்டினாலே பல கோப்புகள் கிடைத்துவிடுகின்றன.

துணி விஷயத்தில், வாங்குபவரின் அழுத்தம் எப்போது பலிக்கும் என்பதற்கு திண்டுக்கல் ஒப்பந்தம் நல்ல உதாரணம். 2021 ஜனவரியில் அந்தப் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்களே நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் உலகம் முழுக்கப் பேசியது. ஆனால் 'அந்த பிராண்டை வாங்காதீர்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. பிராண்டுகள் ஆர்டரை இழுத்துக்கொண்டு ஓடினால் முதலில் பட்டினி கிடப்பது தையல் மேசையில் இருக்கும் பெண்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளோடும் கையெழுத்தானது ஒப்பந்தம். ஆலைத் தளத்தில் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள், சுதந்திரமான புகார் விசாரணை, சீண்டலுக்குத் தண்டனை. ஆலை மீறினால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைத்தே ஆக வேண்டும், அது அவர்கள் விருப்பத்துக்கு விட்டதல்ல. நல்லெண்ண அறிக்கைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசி ஷரத்துதான். ஆகவே ஒரு பிராண்டுக்கு எழுதும்போது 'உங்கள் தொழிலாளர் கொள்கை என்ன?' என்று கேட்காதீர்கள், அழகான பிடிஎஃப் வரும். 'இந்த உடை எந்த ஊர், எந்த ஆலையில் தைக்கப்பட்டது? அங்கே சங்கத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறதா? மீறினால் நீங்கள் என்ன செய்யக் கட்டுப்பட்டிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள்.

ஓட்டுக் கேட்டு வந்தவரிடம்

வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் எடுக்கக்கூடியது. உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் தந்த தீர்ப்புகளால் கிடைத்த உரிமை இது. பெரும்பாலோர் சொத்துத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான இடம், வேட்பாளரோ துணைவரோ பங்குதாரராக உள்ள நிறுவனங்களோ அரசோடு செய்த ஒப்பந்தங்களைச் சொல்லும் பகுதி. 2018 தீர்ப்புக்குப் பிறகு சேர்ந்தது அது. அடுத்தது அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி. ஒரே வேட்பாளரின் ஐந்து வருட இடைவெளிப் பத்திரங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு மட்டும் ஏறியிருந்தால் அது வழிகாட்டி மதிப்பு ஏறியதால் இருக்கலாம், அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். சர்வே எண் புதிதாக வந்திருந்தால்தான் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று, அதே பத்திரத்தில் உள்ள ஐந்து வருட வருமான வரிக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

கம்பெனிப் பணம் கட்சிக்குப் போவதையும் இன்று ஓரளவு தொடர முடியும். 2024 பிப்ரவரி 15 அன்று, கட்சிக்குப் பணம் கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் பட்டியல் வெளியானது. அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். இப்போது, 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் வருடந்தோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தருகின்றன. அது தளத்தில் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் பிரிவு 182-இன்படி நிறுவனமும் தன் லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டறிக்கையில் 'இதர செலவுகள்' குறிப்பைத் தேடினால் கிடைக்கும். நேரடியாக இல்லாமல், கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போயிருந்தால் அறக்கட்டளையின் அறிக்கையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்களைக் கேட்டால், தொகுதிக்குள் நடந்த ஒரு சாலையைப் பிடிப்பது இதையெல்லாம்விட வேகமாகப் பலன் தரும். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பணிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் தெருச் சாலை இருந்தால் இரண்டாவது விண்ணப்பம்: மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், பழுதுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அந்த அளவீட்டுப் புத்தகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீளம், அகலம், கனம் பெருக்கி அதற்குத்தான் பில் போடுகிறார்கள். நீளத்தையும் அகலத்தையும் நீங்களே டேப் பிடித்து அளக்கலாம். கனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) இருக்கிறது: வேலையை நேரில் ஆய்வு செய்வதும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் 'தகவல் பெறுதல்' என்பதற்குள் அடங்கும். இன்னொன்று. பழைய தார்ச் சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதம் உத்தரவிட்டார். சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாவதைத் தடுக்க. எம்-புக்கில் சுரண்டியதற்கான அளவு எழுதிப் பணம் எடுத்திருக்கிறார்களா, உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பழுதுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் எழுதினால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முடிந்த மறுநாள் எழுதினால் அது நம் வரிப்பணம்.

கிராமம் என்றால் இதைக் கிராம சபையில் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள். ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆகவே ஆள் சேர்ப்பதே பாதி வேலை. வெறும் பேச்சாகப் போகாமல், எம்-புக் நகலை வாசித்து, தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையெழுத்து வாங்கும் நோட்டு வேறு, தீர்மானப் புத்தகம் வேறு என்பதைக் கவனியுங்கள். வருகைக் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானங்களைப் பிற்பாடு எழுதிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். உங்கள் தீர்மானம் புத்தகத்தில் ஏறி, கீழே மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் கோடு இழுக்கப்படும் வரை யாரும் எழுந்து போக வேண்டாம். பக்கத்தைப் படமெடுத்துவிட்டு, மறுநாள் காலையில் அதே பக்கத்தின் சான்றிட்ட நகலுக்கு 10 ரூபாய் வில்லை ஒட்டி விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.